செட்டிநாட்டு வீடுகள் எடுக்க 16-35: எஃப் 4 போதுமா, எஃப் 2.8-க்கே போகலாமா?

காரைக்குடி_வளவு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வைட் லென்ஸ் மாற்றப் போகிறேன். (புதியவர்களுக்கு: 16-35 என்பது ஃபோகல் லென்த், மில்லிமீட்டரில்; எண் குறையக் குறையக் காட்சி அகலும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறந்து வெளிச்சம் கூடும்.) பெரிய தொகை என்பதால் வாங்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுப்பதுதான் இப்போது என் முக்கால்வாசி வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் வெப்சைட்டுக்குப் படம் கேட்கிறார்கள். வீட்டை விற்பதற்கு முன்னால், பங்காளிகள் எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஆல்பம் போடச் சொல்கிற குடும்பங்களும் உண்டு. அந்த வேலையைத்தான் நான் ரொம்பக் கவனமாகச் செய்கிறேன். வீடு கைமாறிய பிறகு தூண்கள் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம் என்று போய்விடுகின்றன. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது படம் மட்டும்தான். மீதிக் கால்வாசி, அதே வீடுகளில் நடக்கிற கல்யாணங்கள், அறுபதாம் கல்யாணங்கள்.

கையில் இருப்பது கேனான் 80டி கேமரா, அதோடு 10-18 எஃப் 4.5-5.6 ஐஎஸ் (கை நடுக்கத்தை அடக்கும் வசதி) எஸ்டிஎம் லென்ஸ். 240 கிராம்தான், விலையும் குறைவு. அது கொடுத்த வேலைக்கு நான் குறை சொல்லவே மாட்டேன். போன், லேப்டாப் திரையில் பார்க்கிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது ஒரு விடுதிக்காரர் வரவேற்பறைச் சுவருக்கு 6 அடி அகலத்தில் ஒரு பிரின்ட் கேட்டிருக்கிறார். முகப்பில் நின்று பார்த்தால் வளவு (தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அதைத் தாண்டிப் பின்தெரு வாசல் வரை கதவுகள் எல்லாம் ஒரே கோட்டில் தெரியுமே, அந்தப் படம். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் நிலைக்கதவின் செதுக்கல் வேலை ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கிறது. இடது கீழ் மூலையில் ஆத்தங்குடிக் கல்லின் (பூ வேலை செய்த தரைக்கல்லின்) பூ இதழ்கள் மட்டும் வெளிப்பக்கமாக இழுபட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கின்றன. எஃப் 11 வரை மூடிப் பார்த்தேன், ஓரளவுதான் தேறுகிறது. வளவுக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போது ஜன்னல் கம்பி ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு வேறு.

அதனால் ஃபுல் ஃபிரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கு) போவதாக முடிவு. 80டி-யின் சின்ன சென்சாரில் 16 எம்எம் மாட்டினால் காட்சி 25.6 எம்எம் அளவுக்குக் குறுகிவிடும் என்பது தெரியும். ஆகவே பாடியும் (கேமராவும்) சேர்த்துத்தான். செகண்ட் ஹேண்டில் 6டி மார்க் 2 பார்த்து வைத்திருக்கிறேன். குழப்பம் எல்லாம் லென்ஸில்தான். 2014-இல் வந்த 16-35 எஃப் 4 எல் (கேனானின் உயர்தர வரிசை) ஐஎஸ்ஸா, 2016-இல் வந்த 16-35 எஃப் 2.8 எல் மார்க் 3-ஆ? கடையில் கேட்டால், தொழிலுக்கு என்றால் 2.8-தான், எஃப் 4 எல்லாம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்கிறார்கள். அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒன்று 1,199 டாலர், இன்னொன்று 2,199 டாலர். செகண்ட் ஹேண்டிலும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. பணத்தைச் சேர்த்துக்கொண்டு 2.8-க்குக் காத்திருக்கலாமா? இன்னொரு நண்பர் 2003-இல் வந்த 17-40 எஃப் 4 எல்லையே வாங்கு, பாதிப் பணம் மிச்சம் என்கிறார்.

வீடு எடுக்கும்போது எப்போதும் டிரைபாட்தான். கல்யாணத்தில் கையில். தாராசுரம், தஞ்சாவூர் போனால் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் டிரைபாட் விரிக்க முடியாது, அங்கேயும் கையில்தான்.


கோவை_இன்டீரியர் எழுதியது:

தம்பி, கேள்வியைத் தெளிவாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். எஃப் 4 ஐஎஸ் வாங்குங்கள்.

நான் இங்கே ஆர்க்கிடெக்டுகளுக்கும் இன்டீரியர் செய்கிறவர்களுக்கும்தான் படம் எடுக்கிறேன். இந்த வேலையில் எஃப் 2.8 திறக்கிற சந்தர்ப்பமே வருவதில்லை. டிரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8, ஷட்டர் எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும். தூண் அசையப் போவதில்லை. 16 எம்எம்மில் எஃப் 8 வைத்து சுமார் 1.1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் பூட்டினால், அரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து பின்தெரு வாசல் வரை எல்லாம் தெளிவாக வரும். 6 அடி பிரின்ட் என்றால் ஃபோகஸை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், தூரத்துக் கதவு இன்னும் கூராகும். எஃப் 16-க்குப் போக வேண்டாம், அங்கே படம் முழுவதும் மொத்தமாக மழுங்க ஆரம்பிக்கும்.

மார்க் 3 அருமையான லென்ஸ், அதில் சந்தேகமே இல்லை. 2.8-லேயே மூலை வரை கூர்மை. ஆனால் அந்த 2.8-ல் மூலைகள் நன்றாக இருண்டு வரும், ஐஎஸ் கிடையாது, எடை 790 கிராம், ஃபில்டர் 82 எம்எம். எஃப் 4 ஐஎஸ் 615 கிராம், ஃபில்டர் 77. இரண்டையும் எஃப் 8-ல் வைத்து ஒரே சுவரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எந்தக் கிளையன்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தாராசுரத்தில் கையில் எடுக்கிறேன் என்றீர்களே, அங்கே ஐஎஸ் இருப்பது பெரிய விஷயம். 4 ஸ்டாப் என்று கேனான் சொல்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மூச்சைப் பிடித்துத் தூணில் சாய்ந்து நின்றால் 16 எம்எம்மில் கால் நொடி வரை தைரியமாக எடுக்கலாம். கல்தூண் மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ ஏற்றாமல் வேலை முடியும். டிரைபாடில் வைக்கும்போது மட்டும் ஐஎஸ் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

17-40 வேண்டாம். ஒரு காலத்தில் நல்ல லென்ஸ். ஆனால் உங்கள் கஷ்டமே மூலைதான், அதன் பலவீனமும் 17 எம்எம்மில் மூலைதான். ஒரு நோய்க்கு மருந்து வாங்கப் போய் அதே நோயை வாங்கி வருவதாக ஆகிவிடும்.

இப்போது லென்ஸைவிட முக்கியமான விஷயம். மிச்சமாகிற பணத்தில், டிரைபாட் மேல் கேமராவைத் தாங்க நல்ல கியர்டு ஹெட் ஒன்று வாங்குங்கள். உருண்டை மூட்டுள்ள பால் ஹெட்டில் லெவல் பிடிப்பது நரக வேதனை. ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் சாயும். கியர்டு ஹெட்டில் மூன்று திருகு, ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு. மேலே பார்த்துக் கேமராவைத் தூக்கினால் வளவுத் தூண்கள் எல்லாம் உள்ளே சாய்ந்து கூடாரம் கட்டிவிடும். லைட்ரூம் சாஃப்ட்வேரில் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது மேல் ஓரத்தைத்தான் இழுத்து நீட்டுகிறீர்கள். மறுபடி மூலைதான் அடிவாங்கும். எனவே கேமரா தரைக்குச் சமமாக, உயரம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே. தரை அதிகம் வருகிறது என்றால் ஏற்றுங்கள், உத்தரம் அதிகம் வருகிறது என்றால் இறக்குங்கள். சாய்க்காதீர்கள்.

16 எம்எம்மில் இந்த லென்ஸும் நேர்கோட்டைக் கொஞ்சம் வெளியே வளைக்கும், பீப்பாய் வளைவு. லைட்ரூமில் இந்த லென்ஸுக்கான திருத்தப் புரொஃபைல் போட்டால் போய்விடும். 20-24 பக்கம் வந்தால் தானாகவே கிட்டத்தட்ட நேராகிவிடும். என் அனுபவத்தில் வீட்டுக்கு நல்ல இடமும் அதுதான். எல்லாவற்றையும் 16-ல் எடுத்தால் வளவு கிரிக்கெட் மைதானம் மாதிரி தெரியும். படம் பார்த்து ரூம் போட்டு வருகிறவர்கள் நேரில் பார்த்துவிட்டு விடுதிக்காரரிடம் கேட்பார்கள், அவர் உங்களிடம் கேட்பார். 16-ஐ நீங்கள் சொன்ன அந்தக் கதவு வரிசைப் படம் போல இரண்டொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


மதுரை_மண்டபம் எழுதியது:

கோவை அக்கா சொல்வது சுவருக்குச் சரி. கல்யாணத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐஎஸ் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், மாப்பிள்ளை கையைப் பிடிக்காது. உங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் சுற்றி நாற்பது பேர் குனிந்து நிற்பார்கள், இருக்கிற வெளிச்சத்தையும் அவர்களே மறைத்துவிடுவார்கள். குறைந்தது 1/125 வேண்டும். எஃப் 4-ல் ஐஎஸ்ஓ 6400 என்றால் 2.8-ல் 3200. பட்டுப்புடவையின் ஜரிகை, கழுத்துருவின் (செட்டிநாட்டுத் தாலியின்) வேலைப்பாடு எல்லாம் அந்த ஒரு ஸ்டாப்பில் வித்தியாசம் காட்டும். வருடம் முழுக்க முகூர்த்தம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு மார்க் 3-தான் கை. உங்களுக்குக் கல்யாணம் கால்வாசிதான் என்றால் இப்படிச் செய்யலாம்: எஃப் 4-ஐ வாங்கிவிட்டு, கூடவே பழைய 35 எஃப் 2 ஐஎஸ் ஒன்று பிடியுங்கள். 2.8-ஐவிட ஒரு ஸ்டாப் கூடுதல், சின்ன லென்ஸ், முகமும் இழுபடாது.

ஒன்றை மறக்காதீர்கள். 16-ல் குரூப் போட்டோ எடுக்கவே கூடாது. ஓரத்தில் நிற்கிற ஆச்சிக்கு முகம் பக்கவாட்டில் விரிந்துவிடும், அந்த ஆல்பத்தை அவர்கள் திறக்கிறபோதெல்லாம் அதுதான் கண்ணில் படும். எந்த எல் லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, வைட் என்றாலே அப்படித்தான். பின்னால் நகர இடம் இருந்தால் 35-க்கு வாருங்கள்.


சென்னை_லென்ஸ்பெட்டி எழுதியது:

எது வாங்கினாலும் செகண்ட் ஹேண்ட் என்றால் பார்த்து வாங்குங்கள். நான் பழைய லென்ஸ் வாங்கி, சுத்தம் செய்து, விற்கிற வேலையில் இருக்கிறேன். வைட் ஜூமில் ஏமாற இடம் அதிகம், ஏனென்றால் பெரும்பாலான கோளாறு நடுப்பகுதியில் தெரியாது. விற்கிறவர் ஒரு பூவை நடுவில் வைத்து எடுத்துக் காட்டுவார், பளபள என்று இருக்கும். நீங்கள் ஒத்துக்கொண்டுவிடுவீர்கள்.

முதலில் ஃபங்கஸ். இரண்டு மூடியையும் கழற்றி, அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) முழுக்கத் திறந்திருக்க, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசு நாலைந்து புள்ளி இருந்தால் கவலை இல்லை, படத்தில் வராது. சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நம் கடலோர ஊர்களில் பையிலேயே வைத்திருந்த லென்ஸில் இது சாதாரணமாக வரும். வாங்கிய பிறகு நீங்களும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரமானி ஒன்று உள்ளே கிடக்கட்டும், 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டுவதுதான் லென்ஸைக் கொல்கிற வழி.

அடுத்தது ஒரு பக்கம் மட்டும் மங்குவது. கீழே விழுந்த லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. இதைக் கண்டுபிடிக்க டிரைபாடில் வைத்து, 16 எம்எம், எஃப் 4, தூரத்தில் ஒரு போர்டோ ஆன்டெனாவோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல் அதே பொருளை மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என்று நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு படம். நான்கிலும் ஒரே அளவு மழுங்கல் என்றால் லென்ஸ் நேராக இருக்கிறது. ஒரு மூலை மட்டும் கணிசமாக மோசம் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். சர்வீஸில் சரிசெய்யலாம் என்பார்கள். எல்லா நேரமும் சரியாவதில்லை, செலவும் உங்களுடையது. 24-லும் 35-லும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜூம் வளையம் ஒரே இழுவையாகச் சுற்ற வேண்டும், நடுவில் எங்கும் கடிக்கக்கூடாது. ஃபில்டர் மரையில் பள்ளம் இருந்தால் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஷட்டரைப் பாதி அழுத்தி ஐஎஸ் ஓடுகிற சத்தம் கேளுங்கள், மெல்லிய முனகல் இருக்கும், டக் டக் என்று அடித்தால் வேண்டாம். பில், பெட்டி இரண்டிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா பாருங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த 16-35-களில் ஜூம் செய்யும்போது முன் கண்ணாடி உள்ளேயே முன்னும் பின்னும் நகரும். தூசு, தூறல் எதிர்ப்பு முழுமையாக வேண்டும் என்றால் முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டியிருக்க வேண்டும். மராமத்து நடக்கிற வீடுகளில் சுண்ணாம்புத் தூசுக்குள் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன், எனவே 77-ல் நல்ல புரொடெக்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். விளக்கை நேராகப் பார்த்து எடுக்கிற படத்துக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கின் பிரதிபிம்பம் ஒன்று எதிர்மூலையில் பச்சையாக வந்து உட்காரும்.


காரைக்குடி_வளவு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அக்கா சொன்னதை வைத்து நேற்று ராத்திரி என் பழைய ஃபைல்களை லைட்ரூமில் ஃபோகல் லென்த் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். நான் எடுத்ததில் பெரும்பகுதி 10 எம்எம்மில்தான் இருக்கிறது. ஆனால் கிளையன்டுகள் தேர்ந்தெடுத்து வெப்சைட்டில் போட்டவை முக்கால்வாசி 13-லிருந்து 15-க்குள். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 21-லிருந்து 24. நீங்கள் சொன்ன இடமேதான்! பட்டாலையில் (மேடான திண்ணையில்) உட்கார்ந்து வளவைப் பார்க்கிற ஆளின் பார்வைக்கு அதுதான் ஒத்துவருகிறது என்று இப்போது புரிகிறது.

கல்யாணத்துக்கு மதுரை அண்ணன் சொன்ன 35 எஃப் 2 யோசனை பிடித்திருக்கிறது. வளவில் பின்னால் நகர எப்போதும் இடம் இருக்கும், வெளிச்சம்தான் இருக்காது.

இன்னும் சில சந்தேகம். வளவின் நடுவே வெயில் கொட்டும், சுற்றுத் தாழ்வாரம் கருப்பாக இருக்கும். 80டி-யில் ஒரே ரா ஃபைலை (கேமராவின் மூலக் கோப்பை) வைத்து நிழலைத் தூக்கினால் கருங்கல் தூணில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. 6டி மார்க் 2-க்குப் போனால் இது தீருமா? டில்ட் ஷிஃப்ட் (கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்துகிற வகை) பற்றியும் கேள்விப்படுகிறேன், அது எனக்குத் தேவையா? ஆத்தங்குடித் தரையின் பளபளப்புக்கு போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போடலாமா? மேலே திறந்த வானத்தின் வெள்ளை அப்படியே தரையில் விழுந்து, கல்லின் சிவப்பும் மஞ்சளும் பாதி அழிந்துவிடுகின்றன.


கோவை_இன்டீரியர் எழுதியது:

பாடியைப் பற்றி நல்லவேளை கேட்டீர்கள், முதலிலேயே சொல்லியிருப்பேன், பதில் நீண்டுவிட்டது. நிழலைத் தூக்குவதுதான் உங்கள் தேவை என்றால் 6டி மார்க் 2 வேண்டாம். ஐஎஸ்ஓ 100-ல் நிழலின் சுத்தம் என்று பார்த்தால் அது 80டி-யைவிடவே கொஞ்சம் பின்தங்கியது. அதிக ஐஎஸ்ஓ-வில்தான் அது முந்தும். அதே பணத்தைச் சுற்றி செகண்ட் ஹேண்டில் ஈஓஎஸ் ஆர் பாருங்கள். 2018-இல் வந்தது, 30.3 மெகாபிக்சல், நிழல் எவ்வளவோ மேல். இஎஃப் லென்ஸ் (இந்த 16-35 மாதிரிப் பழைய கேனான் மவுன்ட் லென்ஸ்) அடாப்டரோடு அப்படியே வேலை செய்யும். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் இடைவெளிதான், எனவே கூர்மை குறையாது. திரையிலேயே ஹிஸ்டோகிராமும் (வெளிச்ச அளவின் வரைபடம்) லெவலும் தெரிவது வீட்டு வேலைக்குப் பெரிய வசதி.

ஆனாலும் வளவு வெயிலை எந்த பாடியாலும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. டிரைபாட் இருக்கிறதே, மூன்று எடுங்கள்: சரியான அளவு ஒன்று, 2 ஸ்டாப் குறைத்து ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. அபர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் தானாகக் கலக்கிற ஹெச்டிஆர் பட்டனை அழுத்தி மெஷினிடம் விடாதீர்கள், எல்லா நிழலையும் அடித்து வெளுத்துவிடும். தாழ்வாரம் இருட்டாக இருப்பதுதான் அந்த வீட்டின் அழகு. வெயிலிலிருந்து உள்ளே வருகிறவனுக்குக் குளிர்ச்சி தெரிய வேண்டும். நான் லேயராக அடுக்கி, வானமும் வளவுத் தரையும் மட்டும் குறைத்த படத்திலிருந்து, தூணின் உட்பக்கம் மட்டும் கூட்டிய படத்திலிருந்து, கையால் மாஸ்க் போட்டு எடுப்பேன். நேரம் பிடிக்கும். முடிந்தால் அதற்கும் முன்னால், வெயில் வளவுக்குள் இறங்காத காலை நேரத்தில் போய்விடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

போலரைசர் போடலாம், கவனமாக. தரையைச் சாய்வாகப் பார்க்கும்போது மெல்லச் சுற்றினால் வெள்ளை கழன்று கல்லின் நிறம் வெளியே வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் 16 எம்எம்மின் பார்வை மூலைக்கு மூலை 108 டிகிரி. அந்த அகலத்தில் தரை முழுக்க ஒரே மாதிரி எடுபடாது, ஒரு பக்கம் பளபளப்பு போயிருக்கும், மறுபக்கம் இருக்கும். 24-க்கு மேலே வந்தால் சமாளிக்கலாம். முழுக்கவும் எடுத்துவிடாதீர்கள். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி வார்த்தெடுக்கிற கல் அது, சூளையில் சுடுவதில்லை. அந்த மினுமினுப்பு கல்லின் சொந்தக் குணம். அது போய்விட்டால் பெயின்ட் அடித்த சிமென்ட் தரையாகத் தெரியும். போலரைசர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளை அடித்த இடத்தில் மட்டும் கலப்பதுதான் என் வழக்கம்.

டில்ட் ஷிஃப்ட் சொந்தமாக வாங்க இப்போது அவசரம் இல்லை. 24 எம்எம் டிஎஸ்-இ மார்க் 2 வாடகைக்குக் கிடைக்கும். அந்த 6 அடி பிரின்டுக்கு ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் 12 எம்எம் வரை மேலேயும் கீழேயும் தள்ளலாம். கேமராவைச் சமமாக வைத்து, லென்ஸை மேலே தள்ளி ஒன்று, கீழே தள்ளி ஒன்று எடுத்து இணைத்தால் நிலைக்கதவின் மேல் வேலைப்பாட்டிலிருந்து காலடிக் கல் வரை வரும். நிமிர்த்தி இழுக்கிற வேலையே இல்லை. ஃபோகஸ் கையால்தான், அவசரமில்லாத நாளாகப் பார்த்து எடுங்கள்.


திருச்சி_ஒளி எழுதியது:

ஆர் பாடிக்குப் போகிறார் என்றால் ஆர்எஃப் (ஆர் கேமராவின் சொந்த மவுன்ட்) 14-35 எஃப் 4 எல் ஐஎஸ் ஏன் யாரும் சொல்லவில்லை? 540 கிராம், அதே 77 ஃபில்டர், 2 எம்எம் கூடுதல் அகலம்.


கோவை_இன்டீரியர் எழுதியது:

நல்ல லென்ஸ்தான், பயணத்துக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆனால் 14-ல் அதன் வளைவு மிக அதிகம், சாஃப்ட்வேர் நேராக்கிக் கொடுக்கிறது. நேராக்கும்போது மூலையிலுள்ள பிக்சல்களைத்தான் இழுக்கிறது. மூலைக்காகவே லென்ஸ் மாற்றுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். விலையும் பழைய இஎஃப் 16-35-ஐவிட மிகவும் மேலே.


காரைக்குடி_வளவு எழுதியது:

சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். 16-35 எஃப் 4 எல் ஐஎஸ், ஈஓஎஸ் ஆர், இரண்டும் செகண்ட் ஹேண்ட். கியர்டு ஹெட் மட்டும் புதிது. 80டி-யும் 10-18-உம் விற்கவில்லை, கல்யாணத்தில் இரண்டாவது கேமராவாகத் தம்பி கையில் இருக்கும். லென்ஸ் பார்க்கப் போகும்போது நான்கு மூலைச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்கிறேன். மதுரை அண்ணே, 35 எஃப் 2 ஐஎஸ் உங்கள் பக்கம் யாராவது விற்றால் தனிமடலில் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கடைசிக் கேள்வி. என் 10-18-க்கு 67 ஃபில்டர், 16-35-க்கு 77, டிஎஸ்-இ 24-க்கு 82. போலரைசர் ஒன்றுதான் வாங்க முடியும். 82-ஆக வாங்கி, அளவு மாற்றும் ரிங் போட்டு எல்லாவற்றிலும் மாட்டலாமா?


சென்னை_லென்ஸ்பெட்டி எழுதியது:

77-ஏ வாங்குங்கள், மெலிந்த விளிம்பு உள்ளதாக. 82-ஐ ரிங் வைத்து 16-35-ல் மாட்டினால் ஹுட் (பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் மறைப்பு) போட முடியாது, வளவில் மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஹுட் தேவை. 10-18-க்கு 67-77 ரிங் ஒன்று போதும், மலிவுதான். அலுமினிய ரிங் வேண்டாம், வெயிலில் ஃபில்டரோடு கடித்துக்கொள்ளும். பித்தளையில் கேளுங்கள். போலரைசர் மாட்டும்போது புரொடெக்டரைக் கழற்றிவிடுங்கள், இரண்டையும் அடுக்கினால் 16-ல் மூலை கருக்கும். டிஎஸ்-இ வாடகைக்கு எடுக்கிற அன்றைக்கு 82 போலரைசரையும் சேர்த்தே வாடகைக்குக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.